ஆம்ப்ளிபையரின் முனகலும் அதன் மருத்துவமும்

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு நல்ல பாட்டு ஒன்று கேட்கலாம் என்று ஆம்ப்ளிபையரை முடுக்குகிறோம். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒரு முனகல் கேட்கிறது. பாட்டு தொடங்கியதும் அது அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் வீணையின் நாதம் ஓயும் இடத்தில், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், அது மீண்டும் தலைகாட்டும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு முனகலையே கேட்டுக்கொண்டிருப்போம்.

இந்த முனகலை நிறுத்த ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். மூன்று முனைப் பிளக்கைத் திறந்து, அதிலுள்ள பச்சை மஞ்சள் வயரைக் கழற்றிவிட்டால் போதும் என்பார்கள். சில வேளைகளில் முனகல் நின்றுவிடுவதும் உண்மையே. ஆனால் அந்த வயர் வீட்டிலுள்ளவர்களின் உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. அதில் கை வைக்காமலேயே முனகலைத் தேடிப் பிடித்து நிறுத்த முடியும். எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்த ஓசை எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். அது ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. மலேசியாவில் இந்த ஊசலாட்டம் வினாடிக்கு 50 தடவை நிகழ்கிறது. மின் விநியோகத்தைக் கவனித்துவந்த லெம்பாகா லெட்ரிக் நெகாரா 1990ஆம் ஆண்டு தெனாகா நேஷனல் ஆனது. 240 வோல்ட் என்றிருந்த அழுத்த அளவு 2008ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் என்று குறிக்கப்படுகிறது. இவையெல்லாம் மாறினாலும் அந்த 50 மட்டும் மாறவில்லை. அமெரிக்காவில் இது 60. ஜப்பானிலோ கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. ஆகவே தோக்கியோவிலும் ஓசாக்காவிலும் ஒரே ஆம்ப்ளிபையர் இரண்டு வேறு சுருதிகளில் முனகும்!

சுருதி என்று சொன்னேன் அல்லவா? சங்கீதம் பழகியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஐந்து கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜம் வினாடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வுகள் கொண்டது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் 98. இரண்டு ஸ்தாயி கீழே போனால் 49. நம் வீட்டு முனகல் 50 அதிர்வாகவோ 100 அதிர்வாகவோதான் இருக்கும். ஆகவே ஆர்மோனியத்தில் ஐந்தாவது கட்டையை அழுத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் பெட்டி அநேகமாக அதே சுருதியில், கீழ் ஸ்தாயியில் முனகுவதைக் கேட்கலாம்.

50, 100 என்ற இந்த இரண்டு ஓசைகளையும் பிரித்தறிவது நோயை அறிவதில் முதல் படி. 50 அதிர்வு முனகல் மிகவும் தாழ்ந்தது, வழவழப்பானது. சிறிய ஸ்பீக்கர்களில் அது காதில் சரியாக விழாது. இது பெரும்பாலும் வெளியிலிருந்து, கேபிள்களின் வழியாகப் புகுந்தது. 100 அதிர்வு ஓசையோ சற்றுக் கரகரப்பானது, வண்டு ரீங்காரமிடுவதுபோல் இருக்கும். இது பெரும்பாலும் ஆம்ப்ளிபையரின் சொந்த வயிற்றுக்குள்ளிருந்து வருவது.

காதை மட்டும் நம்பாமல், அடுத்து ஒரு சோதனை செய்வோம். இதற்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டியதில்லை. பாட்டு எதையும் போடாமல் ஆம்ப்ளிபையரை முடுக்கி, வால்யூம் குமிழை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குமிழோடு சேர்ந்து முனகலும் கூடிக் குறைந்தால், அது குமிழுக்கு முன்னால், அதாவது பாட்டு உள்ளே நுழையும் பக்கத்தில் புகுந்திருக்கிறது. குமிழை அடியோடு குறைத்தும் முனகல் அப்படியே இருந்தால், அது குமிழுக்குப் பின்னால், பெரும்பாலும் மின்வழங்கும் பகுதியில் இருக்கிறது. ஆற்றில் கலங்கல் தண்ணீர் வந்தால் அணைக்கு மேலே கலங்கியதா, கீழே கலங்கியதா என்று பார்ப்பதைப் போன்றது இது.

குமிழைக் குறைத்தும் முனகல் குறையாத நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர், வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. டயோடுகள் அதன் இரு பக்க ஊசலாட்டத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. அதனால்தான் 50 என்பது 100 ஆகிறது. ஒரே பக்கமாகத் திரும்பினாலும் அது இன்னும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இந்தப் பள்ளங்களை நிரப்புவது மின்தேக்கி. கடைகளில் இதைக் கண்டென்சர் அல்லது கெப்பாசிட்டர் என்பார்கள். வீட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் தொட்டி நிறைந்திருந்தால் வீட்டுக்குள் ஒரே சீராகத் தண்ணீர் வரும். மின்தேக்கியும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆம்ப்ளிபையர் 1 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. மின்தேக்கியின் கொள்ளளவு 4,700 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம். அதற்குள் மின்தேக்கியின் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட் இறங்கி மீண்டும் ஏறும். இந்த அளவு ஏற்ற இறக்கத்தை ஆம்ப்ளிபையர் தாங்கிக்கொள்ளும். ஆனால் மின்தேக்கி முதுமையடைந்து, கொள்ளளவு கால் பங்காகக் குறைந்துவிட்டால், அதே ஏற்ற இறக்கம் 8 வோல்ட் வரை போகும். அப்போது ஸ்பீக்கர் ரீங்காரமிடத் தொடங்கும்.

மின்தேக்கி ஏன் முதுமையடைகிறது? அதனுள்ளே ஈரமான ரசாயனக் கரைசல் இருக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல உலர்ந்துபோகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. ஜொகூரின் வெயிலில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள், மேலே துணி போர்த்தி வைத்திருக்கும் ஆம்ப்ளிபையரின் கதி என்னவாகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பெட்டியின் மேலும் பக்கங்களிலும் நாலு விரற்கடை இடமாவது விட்டு வையுங்கள். இருபது முப்பது ஆண்டுக்கு முந்திய பெட்டியில் இத்தகைய ரீங்காரம் கேட்டால், மின்தேக்கியின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அதை மாற்றும் வேலையைப் பழகிய பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய வால்வு ஆம்ப்ளிபையர்களில் அது 300, 400 வோல்ட்டாகவும் இருக்கும். அது ஆளைக் கொல்லப் போதுமானது.

இனி, குமிழோடு கூடிக் குறையும் முனகல். இங்கே நீங்களே செய்யக்கூடியது நிறைய உண்டு. ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டு, பின்பக்கத்தில் செருகியுள்ள பாட்டுக் கேபிள்கள் அனைத்தையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் வயர்கள் மட்டும் இருக்கட்டும். மறுபடியும் முடுக்கிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டதா? அப்படியானால் ஆம்ப்ளிபையர் குற்றமற்றது. இனி ஒவ்வொரு கேபிளாகச் செருகிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். எதைச் செருகியவுடன் முனகல் திரும்புகிறதோ, அங்கேதான் குற்றம் இருக்கிறது.

முனகல் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால், உள்ளே வரும் இடது வலது கேபிள்களை இடம் மாற்றிச் செருகுங்கள். முனகலும் இடம் மாறினால் குற்றம் கேபிளிலோ அதன் மறுமுனையிலுள்ள கருவியிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஆம்ப்ளிபையரில் இருக்கிறது.

கேபிள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பாட்டுக் கேபிளின் நடுவில் ஒரு மெல்லிய கம்பி ஓடும். அதைச் சுற்றி வலைபோல் பின்னிய செம்புக் கம்பிகள் கவசமாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்புலத்தை இந்தக் கவசம் தடுத்துக்கொள்கிறது. பிளக்கின் உள்ளே கவசம் அறுந்துவிட்டால் முனகல் மிகப் பலமாக எழும். பாட்டு மெலிந்து ஒலிக்கும். பலமான முனகலோடு பாட்டும் மெலிந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய பொந்தியான், மெர்சிங் போன்ற ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செருகு துளைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும். அதனாலும் கவசத்தின் தொடர்பு விட்டுப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தாலே சில பெட்டிகள் குணமாகிவிடும்.

பாட்டுக் கேபிளையும் மின்சார வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைப்பது இன்னொரு தவறு. பார்க்க அழகாக இருக்கும், காதுக்கு நன்றாக இராது. இரண்டையும் ஒரு சாணாவது விலக்கி வையுங்கள். ஒன்றை ஒன்று கடக்க வேண்டுமானால் சிலுவைபோல் குறுக்கே கடக்கட்டும். இணையாக ஓட வேண்டாம்.

இசைத்தட்டுக் கருவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இசைத்தட்டின் ஊசி தரும் மின்சாரம் மிகச் சிறியது, வழக்கமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை ஆம்ப்ளிபையர் நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருக்குகிறது. அதிலும் தட்டில் பதிக்கும்போது குறைத்துவைத்த கீழ்ச் சுரங்களை மீட்பதற்காக, 50 அதிர்வுப் பக்கத்தை மட்டும் இன்னும் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. ஆகவே மற்றக் கருவிகளில் காதில் விழாத முனகல் இங்கே பூதாகரமாகிவிடும். இசைத்தட்டுக் கருவியிலிருந்து தொங்கும் மெல்லிய தனி வயரை ஆம்ப்ளிபையரின் பின்புறத் திருகில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இசைத்தட்டுக் கருவியை ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஊசியை நகர்த்தும்போது முனகல் கூடிக் குறைந்தால் அது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் என்று அறியலாம்.

இனி, பலரையும் பச்சை வயரை வெட்டத் தூண்டும் முனகலுக்கு வருவோம். இதற்குக் காரணம் புவி வளையம். எர்த் வயரை மலாய்மொழியில் 'பூமி' என்றே சொல்கிறார்கள். நமக்குப் பழக்கமான சொல்தான். ஆம்ப்ளிபையர் தன் மூன்று முனைப் பிளக்கின் வழியாகப் பூமியோடு இணைந்திருக்கிறது. அதோடு ஒரு தொலைக்காட்சியை இணைக்கிறோம். தொலைக்காட்சியின் ஏரியல் கேபிளோ கூரைவரை போகிறது. அந்த ஏரியல் கம்பம் வேறோர் இடத்தில் பூமியைத் தொடுகிறது. இப்போது பூமிக்கு இரண்டு வழிகள். இரண்டு வழிகளும் பாட்டுக் கேபிளின் கவசத்தால் இணைந்து ஒரு பெரிய வளையமாகிவிடுகின்றன. அந்த வளையத்தில் 50 அதிர்வு மின்சாரம் சுற்றிவரத் தொடங்குகிறது.

எவ்வளவு மின்சாரம்? கவசத்தின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்றும், அதில் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கவசத்தின் இரு முனைகளுக்கும் இடையே 5 மில்லிவோல்ட் தோன்றும். பாட்டின் அளவு 200 மில்லிவோல்ட் என்றால், முனகல் அதில் நாற்பதில் ஒரு பங்கு. சன்னமான இடங்களில் இது தெளிவாகக் கேட்கும்.

ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் ஒளிபரப்பைப் பிடிப்பதற்காகத் தெற்கு நோக்கி நிறுத்திய ஏரியல்களைக் கூரைகளில் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடி வீடுகளில் மேல்தளத்துப் பொதுத் தட்டிலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஒரே கேபிள் பிரிந்து வருவதும் உண்டு. இவை இரண்டும் புவி வளையத்துக்கு நல்ல இடங்கள். சந்தேகமிருந்தால், வானம் தெளிவாக உள்ள நேரத்தில் ஏரியல் கேபிளைத் தொலைக்காட்சியின் பின்புறத்திலிருந்து கழற்றிப் பாருங்கள். முனகல் உடனே நின்றால் நோய் தெரிந்துவிட்டது.

மருந்து என்ன? முதலாவது, தொலைக்காட்சி, ஆம்ப்ளிபையர் முதலிய எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுத்த நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். வளையம் சுருங்கும்; முனகலும் குறையும். இரண்டாவது, சாதாரண ஏரியல் கேபிளானால் அதன் நடுவே செருகும் ஏரியல் தடுப்பான் கிடைக்கிறது. அது படத்தை விடும். 50 அதிர்வை விடாது. வட்டத்தட்டுக் கேபிளுக்கு இதைப் போடக் கூடாது. தட்டின் தலைப்பகுதிக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. மூன்றாவது, தொலைக்காட்சிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் ஒலிக்கென்றே செய்த சிறிய டிரான்ஸ்பார்மர் தடுப்பானை வைக்கலாம். மடிக்கணினியை இணைத்தால் வரும் முனகலுக்கும் இதுவே மருந்து. இரு கருவிகளிலும் ஒளியிழைக் கேபிளுக்குத் துளை இருந்தால் இன்னும் நல்லது. அதில் வெளிச்சம்தான் போகிறது. செம்பே இல்லாத இடத்தில் வளையம் ஏது?

கவனித்தீர்களா நேயர்களே? இந்த மருந்துகள் எல்லாமே வளையத்தைப் பாட்டுக் கேபிளிலோ ஏரியல் கேபிளிலோ துண்டிக்கின்றன. எதுவும் பிளக்கிலுள்ள பச்சை மஞ்சள் வயரைத் தொடவில்லை. அதைத் துண்டித்தாலும் வளையம் அறுபடும் என்பது உண்மைதான். ஆனால் அதன்பின் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் வீட்டருகே தரையில் செம்பு பூசிய கோல் ஒன்றை அடித்து, அதோடு பூமி வயரை இணைத்திருப்பார்கள். டிரான்ஸ்பார்மரின் காப்பு என்றாவது ஒருநாள் பழுதாகி, 230 வோல்ட் ஆம்ப்ளிபையரின் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமி வயர் இருந்தால் மின்சாரம் அதன் வழியாகத் தரைக்குப் பாயும். தரையின் தடை 20 ஓம் என்றால் பாயும் மின்சாரம் 11 ஆம்பியருக்குச் சற்று மேல். 13 ஆம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. இதனால்தான் வீட்டு மின்பெட்டியில் மின்கசிவு வெட்டி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இல்லை என்று கண்டதும் அது இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நீங்கள் தொடுவதற்கு முன்பே ஆபத்து நீங்கிவிடும்.

பூமி வயரைக் கழற்றிவிட்டிருந்தாலோ, பெட்டிக்கு மின்சாரம் ஏறியிருந்தும் அது எங்கும் கசிய வழியில்லை. வெட்டிக்கு ஒன்றும் தெரியாது. பாட்டும் வழக்கம்போல் பாடிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவர் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பெட்டியைத் தொடும்போதுதான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கும். அந்த வழி அவருடைய உடல். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் வெட்டி இருந்தால் அவர் அதிர்ச்சியோடு பிழைக்கக்கூடும். பல வீடுகளில் மொத்த வீட்டுக்கும் இருப்பது 100 மில்லி ஆம்பியர் வெட்டி. அது உயிரைக் காக்கப் போதாது. மேலும், பாட்டுக் கேபிளின் கவசம் பெட்டியோடு சேர்ந்தது. ஆகவே ஆம்ப்ளிபையரோடு இணைந்த ஒவ்வொரு கருவியின் உலோகத்துக்கும் அந்த 230 வோல்ட் போய்ச் சேரும். முனகல் ஒரு தொல்லை, அவ்வளவுதான். அதற்காக இந்த விலையைக் கொடுக்கலாமா?

சில கருவிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். அவை இரட்டைக் காப்புள்ளவை. பிறக்கும்போதே பூமி வயர் வேண்டாதவை. அவற்றுக்குப் பூமி வயர் இல்லாதது குறையன்று. ஆனால் தொழிற்சாலையிலிருந்து பூமி வயரோடு வந்த கருவிக்கு அது இருந்தே ஆக வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முனகல் ஸ்பீக்கரிலிருந்து வராமல், ஆம்ப்ளிபையர் பெட்டியிலிருந்தே வருவதுண்டு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய பிறகும் காதைப் பெட்டியருகே வைத்தால் கேட்கும். இது டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் அதிரும் ஓசை. திருகுகள் தளர்ந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இறுக்கச் சொல்லலாம். பெட்டிக்கு அடியில் ரப்பர்த் துண்டுகள் வைக்கலாம். மின்விசிறி ரெகுலேட்டரையோ விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழையோ திருப்பும்போது மட்டும் ஸ்பீக்கரில் கரகரப்பு எழுந்தால், குற்றம் அந்த ரெகுலேட்டரில்தான்.

எல்லாம் செய்தும் முனகல் நிற்கவில்லை, அல்லது பெட்டியைத் தொட்டால் விரலில் விறுவிறுப்புத் தெரிகிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழுதுபார்ப்பவரை நாடுங்கள். வீட்டின் பூமி இணைப்பே சரியில்லை என்று தோன்றினால், பதிவு பெற்ற மின்கம்பியாளரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்பெட்டியிலுள்ள வெட்டியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அது விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும். மாலை நேரத்து இடிமழை ஜொகூருக்குப் புதிதல்ல. இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் ஏரியலையும் கழற்றி வைத்துவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

முனகலுக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. குமிழைத் திருப்பிப் பாருங்கள். கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். காரணம் தானாகவே வெளிப்படும். அந்தப் பச்சை மஞ்சள் வயர் மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.